சாக்குக்கு ரெண்டு, ஈரத்துக்கு ஒண்ணு

ஒரு நாட்டுக்கு அரசியல் சட்டம் எழுதுவது சுலபம். பெரகல சந்திக்கு மேலே, நெட்டுமலைத் தோட்டத்து ஸ்டோர் ரோட்டில் வருடத்துக்கு ஒரு ஞாயிறு நடக்கும் கார் ஏற்றப் போட்டிக்குச் சட்டம் எழுதிப் பார்த்தவனுக்குத்தான் தலைமயிர் எப்படிக் கொட்டும் என்று தெரியும். எனக்குக் கொட்டுவதற்கு மயிர் இல்லாததால் பற்கள் கொட்டின.

பதுளை பஸ் நிலையத்தில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அந்தோனி என்பது என் பெயர். அது என் மனைவிக்கும் பங்குத் தந்தைக்கும் மட்டுமே தெரியும். மற்றவர்களுக்கு டைம்கீப்பர். நான் விசில் ஊதினால் வெலிமடை பஸ் மட்டுமல்ல, அதற்கடியில் படுத்திருக்கும் நாயும் புறப்படும். ஒருமுறை எல்ல ஸ்டேஷனில் நின்ற கோச்சியே புறப்பட்டுவிட்டதாகச் சொல்வார்கள். சொன்னது நான்தான், இருந்தாலும் பலர் நம்பினார்கள். அப்படிப்பட்ட மனுஷன் சும்மா இருக்கலாமா என்று போட்டிக் கமிட்டிக்குத் தலைவராக்கி, கையில் ஒரு ஸ்டொப்வொட்ச்சையும் தந்தார்கள்.

போட்டி ஒன்றும் பெரிய விஷயமில்லை. ஆற்றுப் பாலத்தடியில் இருந்து மேலே தேயிலை ஆலையான ஸ்டோரின் கேட் வரைக்கும் ஒவ்வொரு காராக ஏறவேண்டும். ரோட்டை இரண்டு பக்கமும் அடைத்துவிடுவோம். தோட்டத்து மனேஜர் துரை அந்த ஒரு பின்னேரத்துக்கு மட்டும் அனுமதி தருவார். குறைந்த நேரத்தில் ஏறியவர் பெயரை மரக் கேடயத்தில் தங்க நிறப் பெயின்டால் எழுதுவோம். கேடயம் சந்தியில் ஸலீம் நானாவின் தேத்தண்ணிக் கடையில், கண்ணாடி அலுமாரியின் மேல் தட்டில், மீன் வைத்த மாலுபணிசுகளுக்குக் காவலாக நிற்கும்.

போன வருடம் அந்தக் கேடயத்தில் பெயர் எழுதப்படவில்லை. வருடத்தை எழுதினோம், பக்கத்தில் ஒரு கோடு இழுத்தோம், அவ்வளவுதான்.

உண்மையில் ஜெயித்தது நேசராணி. சந்தியில் ஒரு சின்ன ஆல்டோவை வைத்துக்கொண்டு வாடகைக்கு ஹயர் ஓடுகிறவள். லயத்து வரிசை வீடுகளில் யாருக்குப் பிரசவ வலி வந்தாலும், யாரைப் பாம்பு தீண்டினாலும் அந்த ஆல்டோதான். ஆளும் காருக்கேற்ற மாதிரி ஒல்லி. காற்றடித்தால் அவளைப் பிடித்துக்கொள்ளவே கார் வாங்கினாள் என்று நான் ஒரு கதை கட்டிவைத்திருக்கிறேன். இரண்டாவதாக வந்தவன் நிமலன். உருளைக்கிழங்கு வியாபாரம், பழைய கொரோலா, ஹப்புத்தளையில் ஸ்டார்ட் பண்ணினால் பண்டாரவளையில் குழந்தை அழும் அளவுக்குச் சைலன்சர். ஆளும் நல்ல பருமன்.

"அக்கா ஜெயிக்கல மாமா, அக்காவோட எடைதான் ஜெயிச்சிருக்கு," என்று நிமலன் அன்றைக்கே ஸ்டோர் கேட்டில் கத்தினான். "காரும் கடதாசி, ஓட்டுனவங்களும் கடதாசி. பட்டம் விட்டாப்புல மேல போயிட்டாங்க. இந்த ரோட்டுல பத்து கிலோ கூடுனா ஒரு வளைவு பின்னுக்குப் போகணும். இது கணக்கு! நான் என்னா கஞ்சியா குடிக்கிறேன், மெலியிறதுக்கு?"

கமிட்டியில் பாதிப்பேர் நிமலனிடம் கடனுக்குக் கிழங்கு வாங்குகிறவர்கள். ஆகவே முடிவு நிறுத்திவைக்கப்பட்டது.

அதற்குப் பிறகு நேசராணி ஒவ்வொரு காலையும் ஸலீம் நானாவின் கடையில் அந்தக் கோட்டுக்கு நேரெதிரே உட்கார்ந்துதான் பால் இல்லாத பிளேன்டி குடித்தாள். ஒரு நாள் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, என் பேர எழுதுங்க. இல்லாட்டி தோத்துட்டேன்னு எழுதுங்க. கோடு போட்டு வச்சிருக்கீங்களே, அது என்னா? நான் ஏறவே இல்லைங்கிறதா?"

"கோவப்படாத புள்ள. கமிட்டி..."

"கமிட்டிய விடுங்க. ஹயருக்கு ஏறுறவன்லாம் கேக்குறான், காத்துல பறந்து போனியாமே அக்கான்னு. இந்த வருசம் எவனும் வாயத் தொறக்க முடியாத மாதிரி சட்டம் போடுங்க. அந்தச் சட்டத்துக்குள்ள நான் ஏறிக் காட்டுறேன். அப்ப என் பேரு அதுல வரணும்."

போடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். பற்கள் கொட்டத் தொடங்கியது அன்றைக்குத்தான்.

கமிட்டி கூடியது. கூடியது, கூடியது, கூடிக்கொண்டே இருந்தது. ஸலீம் நானா அந்த மாதங்களில் ஊற்றிய தேநீரைச் சேர்த்திருந்தால் தியலும நீர்வீழ்ச்சி வெட்கப்பட்டிருக்கும். போட்டிக்கென்றே கட்டிய கார் கூடாது, தெருவில் ஓடும் கார்தான் வரவேண்டும் என்றேன். தெருவில் ஓடும் கார் என்றால் என்ன என்று ஒருவர் கேட்டார். அதற்கே ஒரு சாயந்திரம் போயிற்று. கடைசியில், சொந்தச் சக்கரத்தில் வந்து சொந்தச் சக்கரத்தில் திரும்பிப் போகவேண்டும் என்று எழுதினோம். டயர் வழுக்கையாக இருக்கக்கூடாது என்றேன். என் தலையைப் பார்த்துச் சிரித்தார்கள். ஹெல்மெட் கட்டாயம் என்றேன். மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் போதுமா என்றார்கள். பிறகு எலுமிச்சம்பழம் வந்தது. புறப்படும்போது டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைப்பவர்களுக்குத் தள்ளு கிடைக்கிறது என்று ஒரு வேதக்காரர் ஆட்சேபித்தார். அப்படியென்றால் கண்ணாடியில் செபமாலை தொங்கவிடுவதும் தள்ளுத்தானே என்று எதிர்த்தரப்பு எழும்பியது. எலுமிச்சம்பழம் நசுங்கியதும் பாலத்தடியிலிருந்து போன் வந்த பிறகே நான் மேலே ஸ்டொப்வொட்ச்சை அமுக்குவது, செபமாலை ஆடி நின்ற பிறகே விசில் ஊதுவது என்று தீர்ப்பளித்தேன். சொலமோன் ராஜா கேட்டிருந்தால் எழுந்து எனக்கு நாற்காலி போட்டிருப்பார்.

கடைசியில் எடை. அதுதானே நோய்.

காரை நிறுக்கத் தராசு இல்லை. ஆகவே சாரதியும் சுமையும் சேர்த்து எல்லாக் காரிலும் நூற்றைம்பது கிலோ என்று வைத்தோம். நிமலன் தொண்ணூறு, அறுபது கிலோ ஏற்றவேண்டும். நேசராணி நாற்பத்தைந்து, அவள் நூற்றைந்து ஏற்றவேண்டும். சின்ன எஞ்சினுக்கு இது அநியாயம் என்று எனக்கே பட்டது. அவள் சிரித்தாள்.

"ஏத்துங்க மாமா. என் காரு தெனமும் நாலு பேரையும் ஒரு அரிசி மூட்டையையும் சொமந்துக்கிட்டு அந்த ரோட்டுல ஏறுது. எனக்குப் பாரம் புதுசா?"

சுமைக்கு உருளைக்கிழங்கு. வெலிமடையிலிருந்து வரும் லொறியை நிமலன் தருவான். நிறுப்பதற்கு இராமையா.

இராமையா அந்தத் தோட்டத்தின் பழைய கணக்கப்பிள்ளை. மடுவத்தில், அதாவது கொழுந்து நிறுக்கும் கொட்டகையில், தராசின் பக்கத்தில் முப்பது வருடம் நின்ற மனுஷன். அவர் கூவிய எடைதான் கொழுந்துப் பெண்களின் சம்பளம். காக்கிச்சட்டைப் பையில் இரண்டு பேனா. வேலையை விட்டு இத்தனை காலமாகியும் அந்தப் பேனாக்கள் சட்டையை விட்டுப் போகவில்லை. தராசு முள்ளைப் பார்க்க அவரை விட்டால் ஆள் இல்லை என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். தகராறு வரக்கூடாதே என்று நானே ஒரு சட்டம் சேர்த்தேன்: நிறுப்பவர் சொல்லும் எடையே முடிவு, மறுபேச்சு இல்லை. நான் எழுதியதிலேயே அழகான சட்டம் அதுதான். அதை எழுதிய இரவு நான் தூக்கத்தில் சிரித்ததாக என் மனைவி சொன்னாள்.

போட்டியன்று காலையிலிருந்தே தூறல். லொறியில் வந்த கிழங்குச் சாக்குகள் நனைந்திருந்தன. தோட்டமே ஸ்டோர் கேட்டுக்குப் பக்கத்து மடுவத்தடியில் திரண்டிருந்தது. ஊவா மாகாணத்தில் அன்றைக்கு வேறெங்கும் ஆள் இருந்திருக்க முடியாது என்பது என் கணிப்பு.

நிமலனுக்கு இரண்டு சாக்கு, ஒவ்வொன்றும் முப்பதாக. இராமையா தராசில் மாட்டினார், முள் நடுங்கி நின்றது, பழைய ராகத்தில் கூவினார்: "முப்பது! முப்பது!"

நேசராணியின் ஆல்டோவுக்குள் பெரிய சாக்கு நுழையவில்லை. ஆகவே கொழுந்துப் பெண்கள் கிழங்கைச் சின்னப் பைகளில் பிரித்துப் போட்டுக் கொடுத்தார்கள். ஏழு பை. இராமையா ஒவ்வொன்றாக மாட்டி, கிழங்கைப் போடச்சொல்லி, எடுக்கச்சொல்லி, முள்ளைப் பார்த்துக் கூவினார்: "சாக்குக்கு ரெண்டு, ஈரத்துக்கு ஒண்ணு... பதினஞ்சு! அடுத்தது! சாக்குக்கு ரெண்டு, ஈரத்துக்கு ஒண்ணு... பதினஞ்சு!"

ஏழு தடவை கூவினார். இருநூறு பேர் கேட்டுக்கொண்டிருந்தோம். நானும் கேட்டேன். பெண்கள் கேட்டார்கள். மழைச் சத்தத்தைக் கேட்பது போலக் கேட்டோம். ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

மற்றக் கார்கள் ஏறியதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஒன்று எலுமிச்சம்பழத்தையே தாண்டவில்லை. நேசராணி ஏறினாள். வழக்கமாக அந்த ஆல்டோவின் சத்தம் தையல் மெஷின் மாதிரி இருக்கும்; அன்றைக்குச் சளி பிடித்த எருமை மாதிரி வந்தது. பிள்ளையார் கோயில் வளைவில் கார் நின்றே போய்விடுமோ என்று நான் கர்த்தரையும் பிள்ளையாரையும் சேர்த்தே கூப்பிட்டேன். எப்படியோ ஏறி வந்தாள். அடுத்து நிமலனின் கொரோலா மலையையே உலுக்கிக்கொண்டு வந்தது. ஸ்டொப்வொட்ச்சைப் பார்த்தேன். ஒரு தும்மல் நேர வித்தியாசம். நிமலன் முதலாவது.

அவன் கார் பொனட்டில் ஏறி ஆடினான். பொனட் பள்ளமானது.

நேசராணி காரிலிருந்து இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தாள். நான் போய்க் குனிந்தேன்.

"என்னமோ நடந்திருக்கு மாமா," என்றாள். "கோயில் வளைவுல நான் எப்பவும் ரெண்டாவது கியர். ரெண்டு பேர வச்சாலும் ரெண்டாவது. இன்னைக்கு ஒண்ணுக்குப் போட்டாத்தான் ஏறுச்சு. யாரோ ஒருத்தி மேல்மிச்சமா பின்னால உக்காந்திருந்தாப்புல இருந்துச்சு."

"ஈர ரோடு புள்ள..."

"அவருக்கும் அதே ஈர ரோடுதானே!"

பக்கத்தில் பைகளை இறக்க வந்திருந்தாள் பாக்கியலெட்சுமி, ஓய்வு பெறப்போகும் கொழுந்துக்காரி. ஒரு பையைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சாதாரணமாகச் சொன்னாள்:

"மேல்மிச்சம் இருக்காதா பின்ன? பைக்கு மூணு கிலோ கழிச்சாருல்ல கணக்கபுள்ள."

நான் நிமிர்ந்தேன். "என்னா சொன்ன?"

"கழிவுங்க. சாக்குக்கு ரெண்டு, ஈரத்துக்கு ஒண்ணு. எப்பவும் போடுறதுதானே." சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் வாய் மெல்ல நின்றது. கையிலிருந்த பையைப் பார்த்தாள். "ஐயோ, மடுவத்துல கழிச்சா கொழுந்துக்குக் கழிச்சாங்க. இங்க சாக்கும்தானே மல ஏறிருக்கு! தண்ணியும்தானே ஏறிருக்கு!"

அந்தச் சத்தம் லயம் லயமாகப் பரவியது. பதினைந்து என்று கூவிய ஒவ்வொரு பையிலும் பதினெட்டு. ஏழு பை. நிமலனின் இரண்டு சாக்கிலும் வாய்க்குள்ளேயே கழித்திருக்கிறார். ஆனால் அது இரண்டே சாக்கு. இருபத்தொரு கிலோ கூடுதலாக நேசராணி, ஆறு கிலோ கூடுதலாக நிமலன்.

இராமையாவைச் சுற்றிப் பெண்கள் நின்ற நிலையைப் பார்த்தால் விடியற்காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பிரட்டே கூடிவிட்டது போலிருந்தது.

"கழிவு போடாம எப்புடி நிறுக்கிறது?" என்றார் இராமையா, உண்மையாகவே திகைத்துப் போய். "சாக்கு சாக்குதானே. ஈரம் ஈரந்தானே. சட்டப்படிதான் நிறுத்தேன்."

"எந்தச் சட்டம்யா? காருக்குமா கொழுந்துச் சட்டம்?"

"கை பழகிருச்சு பாக்கியம். முள்ளப் பாத்தா வாயி தானா கழிக்குது."

"எங்க வயித்துலயும்தான் தானா கழிஞ்சுச்சு, முப்பது வருசமா!"

நேசராணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். "மாமா, இப்ப என்னா சொல்றீங்க?"

நான் சொல்வதற்குள் நிமலன் பொனட்டிலிருந்து குதித்தான். "சட்டத்தப் படிங்க மாமா! நிறுப்பவர் சொல்லும் எடையே முடிவு, மறுபேச்சு இல்ல. நீங்க எழுதுனது! பதினஞ்சுன்னு அவரு சொல்லிட்டாரு. முடிஞ்சுச்சு."

என் அழகான சட்டம் என்னையே கடித்தது. திரும்ப ஏறவிடலாம் என்றால், ஒருவருக்கு ஒரு ஏற்றம்தான் என்றும் எழுதிவைத்திருந்தேன். அதற்குள் பனிமூட்டம் இறங்கி வளைவுகளை விழுங்கத் தொடங்கிவிட்டது. துரையின் வாச்சர் ரோட்டைத் திறக்கச் சொல்லி அவசரப்படுத்தினான். போட்டியை ரத்து செய்தால் கேடயத்தில் இன்னொரு கோடு. நேசராணி என் முகத்திலேயே அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டாள்.

"திரும்பவும் கோடா?" என்றாள். "வேணாம் மாமா. அதுக்கு அவரு பேரையே எழுதுங்க. கோட்டப் பாத்துக்கிட்டு இன்னொரு வருசம் என்னால டீ குடிக்க முடியாது."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் சமாதானப்படுத்தியிருப்பேன். பைகளை ஒவ்வொன்றாக இறக்கி ரோட்டோரத்தில் டமால் டமால் என்று போட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் விசிலைக் கடித்தேன்; முன்பல் ஒன்று போனது. அந்த வலியில்தான் மூளை வேலை செய்தது.

"சரி நிமலன்," என்றேன். "சட்டம் சட்டந்தான். நிறுப்பவர் சொல்லே முடிவு. இந்த வருசம் நீ ஜெயிச்ச."

கூட்டம் என்னைத் தின்னப் பார்த்தது. கையைத் தூக்கினேன்.

"ஆனா நிறுப்பவர் இன்னும் இங்கதான் நிக்கிறாரு. அவரு வாயால இன்னொருக்கா சொல்லட்டும். இதே பைய, இதே தராசுல, கழிவு இல்லாம. போட்டிக்கு இல்ல, என் காதுக்கு."

இராமையா இரண்டடி பின்வாங்கினார். "கழிவு இல்லாத நிறுவைய என் ஜென்மத்துல சொன்னதில்லீங்க."

"இன்னைக்குச் சொல்லுங்க சாமி," என்றாள் பாக்கியலெட்சுமி. கேலியாகத்தான் தொடங்கினாள், முடிக்கும்போது கேலி இல்லை. "ஒருக்கா முழுசா கேட்டுட்டுப் போறோம்."

பைகளை மடுவத்துக்குத் தூக்கிப் போனார்கள். இராமையா முதல் பையை மாட்டினார். முள் நின்றது. வாய் திறந்தது, "சாக்குக்கு..." என்று வந்துவிட்டது. விழுங்கினார். நெற்றியில் வேர்வை, அந்தக் குளிரில்.

"ப... பதினெட்டு," என்றார்.

பெண்கள் பக்கமிருந்து ஒரு மூச்சு வந்தது. ஐம்பது பேர் ஒன்றாகச் சுமையை இறக்கினால் வருமே, அப்படி ஒரு மூச்சு. அடுத்த பை, பதினெட்டு. அடுத்தது, பதினெட்டு. ஏழாவதைச் சொல்லும்போது இராமையாவின் குரல் கொஞ்சம் தெளிந்திருந்தது. பாக்கியலெட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மழ," என்றாள். மடுவத்துக்குள் மழை இல்லை.

நான் நிமலன் பக்கம் திரும்பினேன். "தம்பி, பத்து கிலோ கூடுனா ஒரு வளைவு பின்னுக்குப் போகணும்னு போன வருசம் சொன்னியா, இல்லையா?"

"சொன்னேன். அதுக்கு என்னா?"

"அக்கா இன்னைக்கு உன்னவிட பதினஞ்சு கிலோ கூட ஏத்திருக்கா. உன் கணக்குப்படி ஒண்ணர வளைவு பின்னால நிக்கணும். எவ்வளவு பின்னால வந்தா?"

அவன் என் கையிலிருந்த ஸ்டொப்வொட்ச்சைப் பார்த்தான்.

"ஒரு தும்மல்!" என்றது கூட்டம்.

"அப்ப போன வருசம் ஜெயிச்சது எடையா, ஆளா? நிறுப்பவர் சொல்லு முடிவுன்னு நீதானே சொன்ன. அவரு சொல்லிட்டாரு. அந்தச் சட்டம் வேணாம்னா சொல்லு, இந்த வருசம் நீ ஜெயிச்சதையும் அழிச்சிட்டுப் போறேன்."

நிமலன் கொரோலாவின் பள்ளத்தைத் தடவினான். தராசைப் பார்த்தான். நேசராணியைப் பார்க்காமல் சொன்னான்: "போன வருசம் நான் சொன்னத வாபஸ் வாங்குறேன். அக்காதான்."

"சத்தமா சொல்லு தம்பி," என்றாள் நேசராணி. "சைலன்சர் சத்தத்துக்குச் சொல்லு."

சொன்னான்.

மறுநாள் ஸலீம் நானாவின் கடையில் பெயின்டர் கோட்டைச் சுரண்டிவிட்டு நேசராணியின் பெயரை எழுதினார். அதற்குக் கீழே இந்த வருடத்துக்கு நிமலனின் பெயர். அவள் பிளேன்டி குடித்துக்கொண்டே பார்த்தாள். சந்தோஷம் என்று சொல்லமுடியாது.

"ஒரு வருசம் லேட்டு," என்றாள். "கீழ உள்ளதும் என்னுதுதான் மாமா. உங்களுக்கும் தெரியும்."

"தெரியும் புள்ள. பக்கத்துல ஏதாவது எழுதச் சொல்லவா?"

"வேணாம். ஊரு எழுதிக்கும்."

எழுதிற்று. ஒரு கிழமைக்குள் பெரகலயிலிருந்து வெலிமடை வரைக்கும் அவனுக்குக் கழிவு நிமலன் என்று பெயர். கிழங்கு வாங்க வருகிறவர்கள், "சாக்குக்கு ரெண்டு, ஈரத்துக்கு ஒண்ணு கழிச்சுக்க தம்பி," என்று தராசைப் பிடித்துக்கொள்கிறார்களாம். இராமையா கடைக்குச் சீனி வாங்கப் போனால் ஸலீம் நானா, "பைக்குக் கழிச்சிட்டேன் ஐயா," என்று இரண்டு கரண்டி திரும்ப எடுக்கிறார். இராமையா சண்டை பிடிப்பதில்லை. நியாயம்தான் என்பது போலத் தலையாட்டுகிறாராம்.

போன புதன்கிழமை நிமலன் கடைக்கு வந்து, கேடயத்துக்கு நேரெதிரே உட்கார்ந்தான். தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் எழும்பி வந்து கையைப் பிடித்துக்கொண்டான்.

"மாமா, அந்தப் பேரப் பாக்கப் பாக்க வயிறு எரியுது. அடுத்த வருசம் எவனும் வாயத் தொறக்க முடியாத மாதிரி சட்டம் போடுங்க. நான் ஏறிக் காட்டுறேன்."

மிச்சமிருந்த பற்களை நாக்கால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஸலீம் நானா," என்று கூப்பிட்டேன், "கமிட்டிக்கு டீ போடுங்க."